குழந்தையின் எடையும் தேசத்தின் கணக்கும்

குழந்தையை எடை போடுவது நம் நாட்டுத் தாய்மார்களுக்கு நெடுங்காலம் பிடித்தமான காரியமாக இருந்ததில்லை. கொழு கொழுவென்றிருக்கும் குழந்தையைப் பார்த்து யாரேனும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்று மாலையே திருஷ்டி கழித்தாக வேண்டும். கன்னத்தில் மைப்பொட்டு வைத்து அழகைக் குறைத்துக் காட்டுவதே குழந்தைக்குக் காவல் என்று கருதிய சமூகத்தில், அதனைத் தராசில் தூக்கி வைத்து, இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று பலரறியக் கூறுவது எவ்வளவு அபசாரமாகத் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் நம் பாட்டிமார்கள் அளவே அறியாதவர்கள் என்று யாரும் எண்ணிவிடலாகாது. குழந்தையின் இடுப்பிலுள்ள அரைஞாண் இறுகுகிறதா, நெகிழ்கிறதா என்பதை அவர்கள் விரல் நுழைத்துப் பார்த்தே அறிந்தார்கள். இறுகினால் முடிச்சைத் தளர்த்திக் கட்டினார்கள். நெகிழ்ந்தால், "பிள்ளை இளைத்துப் போயிற்று" என்று மருமகளைக் கடிந்துகொண்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் இன்று ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்றி, அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது உயிருக்கே அபாயமான மெலிவு என்று விதித்திருக்கிறது. அந்த நாடாவும் பாட்டியின் அரைஞாணும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவைதாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சத்தில்லாத குழந்தைக்கு வயிறு உப்புவது வழக்கமாதலால் அரைஞாண் சில சமயம் ஏமாந்துபோகும். கை அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

கண்ணால் பார்த்தாலே தெரியாதா, இதற்கு அளவுகோலும் தராசும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது என்பதே நாம் முதலில் கூற விரும்பும் விஷயம். எலும்பும் தோலுமாய் இருக்கும் குழந்தையை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். ஆனால் அத்தகைய குழந்தைகள் சிலர். வயதுக்கு ஏற்ற வளர்ச்சியின்றி, நோயாளி போலவும் காணப்படாமல், சிரித்து விளையாடிக்கொண்டு, ஒன்றரை வயதுக் குழந்தையைப் போல் தோற்றமளிக்கும் இரண்டு வயதுக் குழந்தைகளே பலர். ஒரு தெருவில் பாதிக் குழந்தைகள் குட்டையாக இருந்தால் அத்தெருவில் குட்டை என்று எவரும் இல்லை. அதுவே அங்கு இயல்பான உயரமாகிவிடுகிறது. நன்கு போஷிக்கப்பட்ட ஆண் குழந்தை இரண்டு வயது நிறையும்போது நடுத்தரமாக 87 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். 81 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதனை வளர்ச்சி குன்றிய குழந்தை என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய மூன்று விரற்கடை. இந்த மூன்று விரற்கடையைத் தாயின் கண் எவ்வாறு காணும்? பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே உயரம் அல்லவா?

இங்கே வாசகர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். வயிறார உண்டு, நோய் நொடியின்றி வளர்ந்த நூறு குழந்தைகளை நிறுத்தினாலும் அவர்களில் சிலர் இயற்கையிலேயே குட்டையாக இருப்பார்கள். ஆதலால் அத்தகைய நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே கீழே விழும்படியாக எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறது. ஒரு குழந்தை அக்கோட்டுக்குக் கீழே இருந்தால், அது பட்டினி கிடந்தது என்று உடனே தீர்ப்புக் கூற முடியாது. அந்த இரண்டு மூன்று பேரில் ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தேசத்தில் நூற்றுக்கு 35 குழந்தைகள் கோட்டுக்குக் கீழே நின்றால், அதனை இயற்கையின் மேல் போட முடியுமா? 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 35.5 பேர் உயரம் குன்றியவர்கள், 19.3 பேர் உடல் மெலிந்தவர்கள், 32.1 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். தமிழ்நாட்டின் எண்கள் முறையே 25, 14.6, 22. மற்ற ராஜ்யங்களுடன் ஒப்பிட்டு நாம் சற்று மேல் என்று திருப்தியடைவோரும் இருக்கலாம். நாலில் ஒரு குழந்தை குன்றியிருக்கும் வீட்டில் என்ன திருப்தி என்பது நமக்கு விளங்கவில்லை.

குன்றல் என்றும் மெலிவு என்றும் தனித்தனியே கூறினோம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விளையும் தவறுகள் பல. முற்காலத்தில் வயதுக்கு ஏற்ற எடை என்ற ஒரே அளவுதான் இருந்தது. மெக்ஸிகோ நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் பெடரிகோ கோமெஸ் என்பவர் 1956-இல், இருக்க வேண்டிய எடையில் நூற்றுக்கு 60 பங்குகூட இல்லாத குழந்தைகளை மூன்றாம் படியில் வைத்து, ஆஸ்பத்திரியில் மடிபவர்களில் மிகுதியானவர்கள் இவர்களே என்று காட்டினார். அது பெரிய உபகாரம். ஆனால் எடைக்குறைவு என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு துன்பங்கள் ஒளிந்துகொண்டிருந்தன. சென்ற மாதம் வரை நன்றாயிருந்து, வயிற்றுப்போக்கினாலோ பஞ்சத்தினாலோ திடீரென்று சதை கரைந்த குழந்தை ஒன்று. கருவில் இருந்த நாள் முதல் சிறிது சிறிதாகக் குறைவாகவே உண்டு, எலும்பே நீளாமல் நின்றுவிட்ட குழந்தை மற்றொன்று. தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். ஜமெய்க்காத் தீவில் ஆராய்ச்சி நடத்திய ஜான் வாட்டர்லோ என்ற ஆங்கிலேய நிபுணர் 1972-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். உயரத்துக்கேற்ற எடை இல்லாதது மெலிவு. வயதுக்கேற்ற உயரம் இல்லாதது குன்றல். மெலிவு இன்றைய ஆபத்து. அதற்குக் காலந்தாழ்த்தாத சிகிச்சை வேண்டும். குன்றல் நேற்றைய பசியின் சாசனம். ஓரிரு வாரச் சோற்றினால் அதனை அழிக்க முடியாது.

தராசு பொய் சொல்லும் சந்தர்ப்பம் இன்னொன்றும் உண்டு. தாய்ப்பால் மறந்த குழந்தைக்கு வெறும் மாவுக்கஞ்சியே ஆகாரமாகும்போது சில சமயம் கால்களிலும் முகத்திலும் நீர் கோத்து வீங்கும். ஆப்பிரிக்காவில் அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட கானா தேசத்தில் பணிபுரிந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1933-இல் இதனை வர்ணித்து, பின்னர் அவ்வூர் ஜனங்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே வைத்திய சாஸ்திரத்துக்கு அளித்தார். வீங்கிய குழந்தையின் எடை குறைந்து காணப்படாது. பாதத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்த பிறகே தராசின் வார்த்தையை நம்ப வேண்டும்.

பிள்ளைகளின் உடல் வளர்ச்சியை அளந்து பார்த்து ஜனங்களின் உணவைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழியை மேல்நாட்டார் ஏதோ ஆதியிலேயே கண்டவர்கள் என்று நினைப்பது பிசகு. பிரான்ஸில் மோன்பெய்யார் என்ற பிரபு 1759-இல் பிறந்த தம் மகனைப் பதினெட்டு வயது வரை அளந்து எழுதி வைத்தார். அது ஒரு தகப்பனாரின் ஆசை. ஏழைக் குழந்தைகளை நிறுக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் வலுப்பெற்றது போயர் யுத்தத்துக்குப் பிறகுதான். பட்டாளத்தில் சேர வந்த வாலிபர்களில் கணிசமானவர்கள் உடல் தகுதியின்றித் தள்ளப்பட்டதைக் கண்டு, உலகத்தை ஆண்டுகொண்டிருந்தவர்கள் தம் சொந்த ஜனங்கள் நலிந்து கிடப்பதை அறிந்து திடுக்கிட்டார்கள். 1906-இல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் பிறந்தது. மறு வருஷம் பிராட்போர்டு நகரத்தில் பள்ளி வைத்திய அதிகாரியாயிருந்த ரால்ப் கிரௌலி என்பவர் நாற்பது ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, காலையும் பகலும் ஆகாரமளித்து, எடையைக் குறித்து வந்தார். எடை ஏறிக்கொண்டே வந்தது. இடையில் பண்டிகைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். குழந்தைகள் தத்தம் வீடுகளில் இருந்தார்கள். அந்தச் சில நாட்களில் எடை இறங்கிவிட்டது! அவ்வீடுகளின் அடுப்பைப் பற்றி எந்தப் பிரசங்கியும் சொல்ல முடியாததை, காகிதத்தில் கீழ்நோக்கி வளைந்த அந்தச் சிறு கோடு சொல்லிற்று.

கோடு என்று சொன்னோம். ஒரு நாள் எடை ஒரு புள்ளி. மாதாமாதம் எடுத்த எடைகளை இணைத்தால் அது கோடு. இந்தக் கோட்டைத் தாயின் கைக்கே கொண்டு சேர்த்தவர் டேவிட் மார்லி என்ற டாக்டர். 1956 முதல் நைஜீரியாவில் இலேஷா என்ற ஊர் ஆஸ்பத்திரியிலும், இமெஸி என்ற அருகிலுள்ள கிராமத்திலும் வேலை செய்தவர் அவர். குழந்தைகள் சாகிறார்கள், சாவதற்குச் சில மாதங்கள் முன்பே எடை ஏறுவது நின்றுவிடுகிறது, ஆனால் அது ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் உறங்குகிறது என்பதை அவர் கண்டார். ஆரோக்கியப் பாதை என்ற பெயரில் ஓர் அட்டையைத் தயாரித்து, அதனைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தாயிடமே கொடுத்துவிட்டார். தொலைத்துவிடுவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். தாய்மார்களோ அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது, படுத்தால் அபாயம், இறங்கினால் உடனே பார்க்க வேண்டும். இதை அறிய எழுத்தறிவுகூட அவசியமில்லை. இன்று நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் தாய்சேய் பாதுகாப்பு அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்களில் இருக்கும் படம் அந்த அட்டையின் பேரக்குழந்தையே.

குட்டையான குழந்தையும் கோடு ஏறுமானால் தன் வழியே வளர்கிறது என்று பொருள். பருமனான குழந்தையின் கோடும் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தால் கவலைக்குரியது. பச்சைப் பட்டையில் இருக்கிறதே என்று அலட்சியம் செய்வது பெரும்பிழை. பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும் குழந்தை ஒரே நாளில் போவதில்லை.

இனி, இந்த அளவுகோலைப் பற்றியே எழுந்துள்ள விவகாரத்துக்கு வருவோம். யாருடைய குழந்தையை வைத்து யாரை அளப்பது? முதலில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகளை வைத்து அளந்தார்கள். பிறகு 1977-இல் அந்நாட்டுச் சுகாதாரப் புள்ளிவிவர நிலையம் வெளியிட்ட பட்டியலை உலகம் ஏற்றது. அதில் சிசுக்களைப் பற்றிய பகுதி ஒஹையோ பகுதியில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த வெள்ளைக்காரக் குழந்தைகளைக் கொண்டு அமைந்தது. விளைவு என்ன? தாய்ப்பாலையே உண்டு நன்றாக வளரும் நம் குழந்தை மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பட்டியலின்படி பின்தங்குவது போல் தோன்றிற்று. தாய்ப்பால் போதவில்லை, வேறு பால் கொடு என்று புத்தி சொல்லவும் அது இடமளித்தது. இதனை ஆட்சேபித்தவர்கள் முற்றிலும் நியாயமாகவே ஆட்சேபித்தார்கள்.

அதன் பேரில் உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை ஆறு தேசங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சியை நடத்திற்று. பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா. இந்தியாவில் தெற்கு டில்லி. சுமார் 8,400 குழந்தைகள். தாய் புகை பிடிக்காதவளாயிருக்க வேண்டும். குழந்தை தாய்ப்பால் உண்ண வேண்டும். வீட்டில் வறுமை வளர்ச்சியைத் தடுக்கக்கூடாது. இந்த நிபந்தனைகள் பூர்த்தியானால் எந்தத் தேசத்துக் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். டில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன! நீளத்தில் காணப்பட்ட வேறுபாடுகள் அனைத்திலும் தேசத்துக்குத் தேசம் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 3 பங்குதான். ஒரே ஊரில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடோ 70 பங்கு. இதனை ஆதாரமாகக் கொண்ட அளவுகோல் 2006-இல் வெளியாயிற்று. அதுவே இன்று நம் அங்கன்வாடிகளிலும் வழங்குகிறது.

எனினும் நம்மிடையே கல்விமான்கள் சிலர், இந்தியர் பிறவியிலேயே சற்றுக் குட்டையானவர்கள், மேல்நாட்டு அளவுகோல் நம் தரித்திரத்தை மிகைப்படுத்துகிறது என்று இன்னும் வாதாடுகிறார்கள். 2013-இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகரியா இதனை விரிவாக எழுதினார். சிசு மரணம் இந்தியாவைவிட அதிகமாயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் குன்றல் மட்டும் குறைவாயிருப்பது எப்படி என்று அவர் கேட்டார். கேள்வி அசட்டை செய்யத்தக்கதன்று. ஆனால் நம் தேசத்திலேயே பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. குன்னூரில் ஆராய்ச்சிசாலையை நிறுவிய ராபர்ட் மக்காரிஸன் 1920-களில் ஒரே ஜாதி எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி ஜனங்களின் உணவைக் கொடுத்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சுமார் 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. வெறும் தீட்டிய அரிசியை நம்பியிருந்த சென்னைவாசிகளின் உணவை உண்ட எலிகள் சுமார் 155 கிராமோடு நின்றன. எலிகளில் சீக்கிய எலி, மதராஸி எலி என்று ஜாதி கிடையாது. வித்தியாசம் தட்டில் இருந்தது.

மனித ஜாதியிலும் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒல்லாந்து தேசத்துப் பட்டாளத்தில் சேர்ந்த வாலிபரின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். இன்று உலகத்திலேயே உயரமானவர்கள் ஒல்லாந்தர். தென் கொரியாவின் பெண்கள் ஒரே நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தார்கள். நமது தேசத்திலோ 2005-06-இல் நூற்றுக்கு 48 ஆக இருந்த குன்றல், அதே அளவுகோலின்படி பதினைந்து வருஷங்களில் 35.5-க்கு வந்திருக்கிறது. பிறவிக் குணம் பதினைந்து வருஷத்தில் இவ்வாறு மாறுமா? குட்டையான தாய்க்குச் சிறிய குழந்தை பிறப்பது உண்மைதான். ஒரு தலைமுறையில் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தாய் குட்டையானது எதனால் என்று கேட்டால் மறுபடியும் அவள் தாய் வீட்டுச் சோற்றுப் பானைக்கே வந்து சேர்கிறோம்.

சேலத்தில் 1918-இல் பிறந்து, குன்னூர் ஆராய்ச்சிசாலையின் வாரிசாகிய ஹைதராபாத் தேசிய போஷணை ஸ்தாபனத்தை நடத்தி, 2019-இல் நூறு வயதைக் கடந்து காலமான டாக்டர் சி. கோபாலன் இத்தகைய வாதத்தை அன்றே கண்டித்தவர். 1980-களின் தொடக்கத்தில் டேவிட் ஸெக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், ஓரளவு குன்றிய ஏழைகள் 'சிறியவர்களாயினும் ஆரோக்கியமானவர்கள்' என்று ஒரு சித்தாந்தம் கூறியபோது, சிறிய உருவமே போதும் என்ற விதி ஏழைகளுக்கு மட்டும்தானா, பணக்காரர்களுக்கு இல்லையா என்று கோபாலன் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை நேரான பதிலை நாம் கண்டதில்லை. வீட்டில் குழந்தைக்குச் சட்டை சிறியதாகிவிட்டால் வேறு சட்டை தைப்போம். குழந்தை சட்டைக்கு வளரவில்லையென்றால் சட்டையைப் பிடித்துத் தைப்பதா, குழந்தைக்குச் சோறிடுவதா?

அளவுகோல் சரியாயிருந்தால் மட்டும் போதுமா? அளப்பவர் கையும் சரியாயிருக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தை ஒரு மாதத்தில் பெறும் எடை சுமார் 200 கிராம்தான். கால் கொலுசு, கைக் காப்பு, வெள்ளி அரைஞாண், கம்பளிச் சட்டை ஆகியவற்றோடு தராசில் போட்டால் ஒரு மாதத்து வளர்ச்சி நகையிலேயே வந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையில் படியும்படி பிடித்துக்கொள்ள, மற்றொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தை நேராக்க வேண்டும். அக்குழந்தை அழும், உதைக்கும். நிற்க வைத்து அளந்ததற்கும் படுக்க வைத்து அளந்ததற்கும் முக்கால் சென்டிமீட்டர் வரை வித்தியாசம் உண்டு. வயது தெரியாமல் உயரத்தை மட்டும் அளப்பதும் வீணே. பிறந்த தேதியைப் "பொங்கலுக்கு முன்னே" என்று சொன்னால் இரண்டு மாதம் இப்படியும் அப்படியும் போகலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டு மாதம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்.

இவையெல்லாம் ஒரே ஊழியரின் தலையில் விழுகின்றன. சமைத்துப் போடுவதும், பாட்டுச் சொல்லித் தருவதும், பதிவேடுகளை நிரப்புவதும், இப்போது கைபேசியில் எண்களை ஏற்றுவதும் அவரே. நாம் நேரில் பார்த்த ஒரு கிராமத்து மையத்தில் அட்டைகள் எங்கே என்று கேட்டோம். பீரோவைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டொன்றை எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. தாய்மார்கள் அவற்றைப் பார்த்ததுண்டா என்றதற்கு, "அழுக்காக்கிவிடுவார்களே!" என்றார் அந்த அம்மாள். அவர் மீது நமக்குக் கோபமில்லை. அட்டை அழுக்காகாமல் இருந்தால் மெச்சிக்கொள்ளும் மேற்பார்வையை ஏற்படுத்தியவர்கள் வேறு.

வெறுமனே நிறுத்துக்கொண்டிருந்தால் குழந்தை வளர்ந்துவிடுமா என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த கிராமப் பணிப் பிரிவு கே. வி. குப்பம் வட்டாரத்தில் பன்னிரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டிலும் ஒரே விதமான சுகாதார சேவையும் உணவுப் போதனையும் நடந்தன. ஆறு கிராமங்களில் மட்டும் அவற்றோடு குழந்தைகளை ஒழுங்காக நிறுத்து அட்டையில் கோடு போட்டார்கள். முப்பது மாதங்கள் சென்ற பின் பார்த்தால் இரண்டு பகுதிக் குழந்தைகளின் போஷணை நிலையிலும் வித்தியாசமே இல்லை. 1993-இல் லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியான இந்த முடிவை எடுத்துக்கொண்டு, எடை போடுவதே வீண் என்று கூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்காமல் போகும் வைத்தியனால் நோய் தீராது. அது நாடியின் குற்றமன்று. ஆனால் நாடி பிடிப்பதையே சிகிச்சை என்று கணக்கெழுதுவோருக்கு அந்த ஆராய்ச்சி நல்ல சவுக்கடி.

இதே தமிழ்நாட்டில் 1980-இல் உலக பாங்கியின் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த போஷணைத் திட்டம் எடையையும் ஆகாரத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மையத்திலேயே தொண்ணூறு நாட்கள் சத்துருண்டை முதலிய அதிக உணவு, அதன் பிறகும் ஏறாவிட்டால் டாக்டரிடம் அனுப்புதல், ஏறிவிட்டால் நிறுத்திவிடுதல். தராசின் முள் அசையாவிட்டால் ஓர் உருண்டையாவது கைக்கு வந்தது. கடும் எடைக்குறைவு அக்கிராமங்களில் தணிந்தது என்று மதிப்பீடுகள் கூறின. அதிலும் குறையில்லாமலில்லை. விழுந்த பிறகு தூக்குவதா, விழாமல் பிடிப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், கேள்வி சரியானதே. ஆயினும் எண்ணுக்கும் சோற்றுக்கும் இடையே கயிறு கட்டிய அந்த முறையின் தத்துவத்தை, லட்சக்கணக்கான அங்கன்வாடிகளிலிருந்து மாதந்தோறும் தலைநகருக்கு எண்கள் பறந்து செல்லும் இக்காலத்தில் நாம் மறந்துவிடலாகாது. எண் மேலே போகும் வேகத்தில் பதில் கீழே வருகிறதா?

பதில் வர வேண்டிய வயதையும் அளவுகளே காட்டுகின்றன. நம் நாட்டுக் குழந்தைகளின் கோடு பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் அவ்வளவு மோசமில்லை, தாய்ப்பால் காக்கிறது. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள்தான் சரிகிறது. தாய்ப்பால் மட்டும் போதாத காலம் அது. மற்ற உணவு தாமதமாகவும் நீர்த்தும் வரும் காலமும் அதுவே. குழந்தை தவழ்ந்து, மண்ணில் கிடப்பதையெல்லாம் வாயில் வைத்து, அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாவதும் அப்போதுதான். பள்ளிச் சத்துணவு எவ்வளவு மேலான காரியமாயினும் அது வந்து சேரும்போது குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்காது. அதற்கு வயிறு சிறியது. நாளைக்கு நாலு ஐந்து தடவை, கரண்டியிலிருந்து வழிந்துவிடாத கெட்டியான உணவு வேண்டும். குழைந்த பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ, மசித்த முட்டை, கேழ்வரகுக் கூழ், கீரை, வாழைப்பழம் என்று யாரேனும் பக்கத்தில் அமர்ந்து ஊட்ட வேண்டும். ஊட்ட வேண்டிய தாய் காலை ஆறு மணிக்கே களை பறிக்கவோ, கட்டட வேலைக்கோ போயிருந்தால் என்ன செய்வது? அங்கே தராசுக்கும் அட்டைக்கும் வேலையில்லை. கூலியும், பேறுகால உதவியும், வேலைத்தலத்துக்கு அருகே குழந்தைகள் காப்பகமும், குடிநீரும், கழிப்பிடமும்தாம் அந்தக் கோட்டை உயர்த்தும். படுத்துக் கிடக்கும் கோட்டைக் காட்டித் தாய்க்கு உபதேசம் செய்துவிட்டு எழுந்து போவதைப் போல் சுலபமான காரியம் வேறில்லை. அவளுக்குத் தெரியாதது கொஞ்சம். அவளிடம் இல்லாததே அதிகம்.

எனினும் அட்டை அவளுடையது. எடை போடும் நாளில் அதனைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை உண்டு. சென்ற மாதப் புள்ளிக்கும் இம்மாதப் புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்து அவள் கையில் கொடுக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. கோடு படுத்திருந்தால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவள் ஊழியரைக் கேட்கட்டும். ஊழியர் மேற்பார்வையாளரைக் கேட்கட்டும். கிராம சபை கூடும்போது, வரவு செலவுக் கணக்கைப் படிப்பது போலவே, ஊரில் எத்தனை குழந்தைகளின் கோடு இந்த மூன்று மாதத்தில் ஏறவில்லை என்பதையும் பேர் சொல்லாமல் படிக்கட்டும்.